தவளைப் பிராது

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எழில் டி.டி.பி. சென்டர் நடத்திவந்த இளவழகனுக்கு ஒரு கொள்கை இருந்தது. உலகத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் கொஞ்சம், சும்மா எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் நிறைய. எது எந்த வகை என்று தெரிந்தவன் புத்திசாலி, தெரியாதவன் கஸ்டமர். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்று அவன் சேக்காளிகள் சொல்வதுண்டு. அது அபாண்டம். பினாயில் என்றால் அவன் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் என்று பேசி, தட்டு மாற்றி, நிச்சயமும் முடிந்திருந்தது. பெண் சௌந்தர்யா. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் வைத்திருந்த சிங்காரவேலின் ஒரே மகள். யூனிட்டின் கம்ப்யூட்டரும் கடிதப் போக்குவரத்தும் அவள் பொறுப்பு. பெண் பார்க்கப் போன அன்று காப்பித் தட்டை நீட்டிக்கொண்டே, "உங்க கடையில அடிச்ச நோட்டீஸ்ல மாபெரும் கோலப்போட்டிக்கு பெரிய று போட்டிருந்துச்சுங்க" என்றாள். காப்பி அவன் மூக்கில் ஏறியது. ஆனால் அந்த நிமிஷமே அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இவள் கிடைக்காவிட்டால் தன் வாழ்க்கை பிழை திருத்தாத நோட்டீஸாகவே போய்விடும் என்று நினைத்தான்.

சிங்காரவேல் மாப்பிள்ளைக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "குடிக்கிறவன்னா திருத்திடலாம். கோவக்காரன்னா எம் பொண்ணு பாத்துப்பா. திருடன் மட்டும் வாணாம். திருடன்னு தெரிஞ்சா மணவறையில இருந்துகூட எழுப்பிக் கூட்டினு வந்துடுவேன்." திருடன்மேல் அவருக்கு இத்தனை காட்டம் வரக் காரணம் ஒரு தவளை.

பச்சைத் தவளை. வாயைப் பிளந்துகொண்டு குந்தியிருக்கும். வயிற்றுக்குள் ஊதுபத்தியைச் செருகிவிட்டால் வாய்வழியாகப் புகை விடும். ஸ்ரீமுஷ்ணம் தேரோட்டத்தில் கடை போட்டபோது கூடை கூடையாகப் போயிற்று. குழந்தைகள் கேட்டு அழுதன, பெரியவர்கள் குழந்தைக்கென்று சொல்லித் தங்களுக்கு வாங்கிப்போனார்கள். அடுத்த திருவிழாவுக்குள் பக்கத்து யூனிட் சாமிதுரையும் ஒரு தவளை இறக்கிவிட்டான். அதே வாய், அதே புகை.

"நானா யோசிச்சுப் பண்ணினது" என்று சாமிதுரை சத்தியம் செய்தான். ஆனால் மண் பொய் சொல்லாது. சூளையில் வெந்தால் மண் சுருங்கும். வெந்த பொம்மையின்மேல் அச்செடுத்து வார்த்தால் அது வேகும்போது இன்னொரு தரம் சுருங்கும். அதனால் நகல் எப்போதும் அசலைவிட ஒரு சுற்று சிறுசாகத்தான் வரும். இது தொழிற்பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாமிதுரையின் தவளை, சிங்காரவேலின் தவளை போட்ட குட்டி மாதிரி இருந்தது. கடைசியில் சாமிதுரையே, "அட போய்யா, உன் தவள உங்கிட்டதானே இருக்குது? நான் என்னா தூக்கிக்கினா வந்துட்டேன்?" என்று கேட்டுவிட்டான். சிங்காரவேலுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் இளவழகனின் கம்ப்யூட்டர் படுத்தது. அது சென்னையில் யார் யார் கையிலோ இருந்து தேய்ந்து இங்கே வந்து சேர்ந்த மிஷின். ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. கம்மாபுரத்திலிருந்து மொபெட்டில் வந்து சர்வீஸ் பார்க்கும் பாண்டியன் வேறு டிஸ்க் மாட்டிக் கொடுத்தான். மிஷின் எழுந்துவிட்டது. ஆனால் தட்டச்சு செய்கிற ஆபீஸ் சாப்ட்வேர் பழைய டிஸ்க்கோடு சமாதியாகிவிட்டது. புது ஆபீஸைப் போட்டால் அந்தக் கிழட்டு மிஷின் மூச்சு முட்டிச் சாகும். அது தாங்குகிற பழைய ஆபீஸையோ எந்தக் கடையிலும் இப்போது விற்பதில்லை.

"இன்டர்நெட்ல கெடக்குதுடா. டவுன்லோடு பண்ணிக்கிறேன்" என்றான் இளவழகன்.

பாண்டியன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "வாணாம்ணா. அது பத்து வருசத்துக்கு முன்னாடி வந்தது. ஓட்ட இருந்தா அடைக்கக்கூட இப்ப ஆளு கெடையாது. அதுக்கு வேற ஒரு வழி இருக்குது, நான் என்னா சொல்றன்னா..."

"பழைய சோறு ஒடம்புக்கு நல்லதுடா."

"நம்ம வூட்டுப் பழைய சோறு நல்லதுதாண்ணா. எவனோ தெருவுல வச்சிட்டுப் போன சட்டியில என்னா வுழுந்து கெடக்குதோ யாருக்குத் தெரியும்? அதுவுமில்லாம, அது திருட்டுண்ணா."

இளவழகனுக்கு இந்த வாதம் மிகவும் பிடிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "ஒருத்தன் கொட்டாயில இருந்து மாட்ட அவுத்துட்டு வந்தா, அங்க மாடு இருக்காது. அது திருட்டு. இத நான் எடுத்தா அங்கயும் இருக்குது, இங்கயும் இருக்குது. யாருக்கு என்னா கொறஞ்சுபோச்சு? அதுவும் அவனே விக்காம வுட்ட கெழட்டு மாடு!"

பாண்டியன் சொல்ல வந்த வேறு வழியைச் சொல்லாமலே மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நிற்பவனிடம் யார் பேசி ஜெயிப்பது?

அந்த வெப்சைட்டில் தேர்த்திருவிழா மாதிரி விளக்குகள் மின்னின. எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத எழுத்துகள் ஓடின. ஆபீஸ் சாப்ட்வேரும் அதன் பூட்டை உடைக்கிற சாவியும் சேர்த்தே கிடைத்தன. கூடவே ஒரு குறிப்பு: உங்கள் வைரஸ் காவல் சத்தம் போடும், பயப்படாமல் அதை அணைத்துவிட்டுத் தொடரவும். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திற என்று வாசலில் நிற்கிற ஒருவன் சொன்னால் வேறு எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். இளவழகன் நாயைக் கட்டிப்போட்டான், கதவைத் திறந்தான், ஆபீஸ் திறந்துகொண்டதும் கைதட்டி ஒரு டீயும் சொன்னான்.

அந்த ஆபீஸில் அடிக்க முதல் வேலை கொண்டுவந்தவர் மாமனார் ஆகப்போகிறவர்தான்.

"மாப்ள, ஒரு பிராது அடிக்கணும்" என்றார் சிங்காரவேல்.

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராது என்றால் விளக்கம் தேவையில்லை. பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. போலீசில் சொல்லித் தீராததையும் கோர்ட்டில் இழுபடுவதையும் ஜனங்கள் ஒரு தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் முன்னால் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. குறை தீர்ந்ததும் கொடுத்தவரே மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். சாதாரணமாக எல்லாரும் கையால்தான் எழுதுவார்கள். சிங்காரவேலுக்கு, மாப்பிள்ளையே டி.டி.பி. வைத்திருக்கும்போது சாமிக்கு ஏன் கோணல் எழுத்தில் எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

அவர் சொல்லச் சொல்ல இளவழகன் அடித்தான்.

மனுதாரர் சிங்காரவேல். எதிரி சாமிதுரை. மேற்படி எதிரி, தனக்கு உரிமை இல்லாத பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்துப் பிழைப்பு நடத்திவருவதால், அவனே தன் வாயால் நாலு பேர் முன்னிலையில் திருடினேன் என்று ஒப்புக்கொள்ளும்படி செய்ய வேண்டுமாய்க் கொளஞ்சியப்பர் திருவடியில் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

"தவளன்னு போட வாணாங்களா மாமா?"

"சாமிக்குத் தெரியாதா மாப்ள? தவள கிவளன்னு எழுதினா மத்தவன் படிச்சா சிரிப்பான்."

கடைசி வரியாக இளவழகன் தன் வழக்கப்படி, ஒளியச்சு இளவழகன், எழில் டி.டி.பி., விருத்தாசலம் என்று அடித்தான். அவன் கடையில் அச்சாகிற எந்தத் தாளும் அந்த வரி இல்லாமல் வெளியே போகாது. செலவில்லாத விளம்பரம்.

"சாமிக்குப் போறதுலயுமா?" என்றார் சிங்காரவேல்.

"சாமிகிட்ட தெனம் எம்மாம் பேரு வர்றாங்க மாமா!"

சேவ் செய்து மூடிவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். திரும்ப வந்து ஃபைலைத் திறந்து, கைக்கு ஒன்றாக இரண்டு பிரதி அச்சடித்தான். சிங்காரவேல் ஒன்றை வாங்கி, தான் சொன்னதுதானே என்று படிக்காமலே நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினார். இன்னொன்றின்மேல் இளவழகன் டீ கிளாஸை வைத்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் கடைக்குச் சனி பிடித்தது. முதலில் ஒரு காதணி விழாப் பத்திரிகை. தாய்மாமன் மடியில் குழந்தை அமர்ந்து காது குத்திக்கொள்ளும் என்று அடித்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். அச்சில், குழந்தை மடியில் தாய்மாமன் அமர்ந்து காது குத்திக்கொண்டார். தாய்மாமன் ராஜ்மோகன் நல்ல பருமன். அவர் பத்திரிகையோடு கடைக்கு வந்து, "குத்துறதுதான் குத்துற, தோடு எந்தக் கடையில வாங்குறதுன்னும் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, இருந்த பத்திரிகையை எல்லாம் வீசிவிட்டுப் போனார்.

அதற்கடுத்தது அதைவிட மோசம். வீராயி அம்மாள் காலமானதற்கு மகன் பழமலை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். துக்கத்தில் இருந்த மனிதர், படித்துப் பார்க்காமல் ஆள்விட்டு ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். நோட்டீஸில் பழமலை காலமாகியிருந்தார், வீராயி அம்மாள் ஆறாத் துயரத்தில் இருந்தார். துஷ்டி கேட்க வந்தவர்கள் வாசலில் நின்ற பழமலையின் தோளிலேயே சாய்ந்து, "பூட்டியே பழமல" என்று அழுதார்கள். பழமலை கருமாதிக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டார். அவர் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது, நல்ல சாப்ட்வேராக இருந்தாலும்.

கண்ணில்தான் கோளாறு என்று இளவழகன் கண் டாக்டரிடம் போய் வந்தான். கண்ணில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் பாண்டியனைக் கூப்பிட்டான்.

பாண்டியன் ஒரு ஃபைலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "அண்ணா, உங்க கெழட்டு மாட்டுக்குள்ள ஒரு உண்ணி இருக்குது. ஃபைலத் தெறக்குறப்பல்லாம் அங்கங்க ரெண்டு வார்த்தயப் புடிச்சு எடம் மாத்திப் போட்டுடுது. பழைய ஆபீஸுக்குன்னே எவனோ எழுதின வைரஸு. புதுசுல இது பலிக்காது, அடச்சுட்டாங்க. பழசுல யாரு அடைப்பாங்க?"

"அப்ப நான் அடிச்சது தப்பில்லியா?"

"நீங்க அடிச்சது சரி. எடுத்ததுதான் தப்பு."

திட்டலாம் என்று வாயெடுத்த இளவழகன் அப்படியே நின்றான். அவனுக்கு அப்போதுதான் பிராது நினைவுக்கு வந்தது. டீ கிளாஸ் வட்டம் வட்டமாகக் கறை போட்டிருந்த இரண்டாவது பிரதியைத் தேடி எடுத்துப் படித்தான். மனுதாரர் சிங்காரவேல், அது அப்படியே இருந்தது. அடுத்த வரியில் எதிரி இளவழகன். அடியில், ஒளியச்சு சாமிதுரை, எழில் டி.டி.பி., விருத்தாசலம்.

தனக்கு உரிமை இல்லாத பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்துப் பிழைப்பு நடத்திவருகிற இளவழகன்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. டீக்கடையில் உட்கார்ந்தால் சாமி இல்லை, பூதம் இல்லை என்று மணிக்கணக்கில் பேசக்கூடியவன் அவன். ஆனால் பேசுவது ஒரு இடத்தில், பயப்படுவது வேறு இடத்தில். தன் பேர் முனியப்பர் சன்னதியில் திருடன் என்று கட்டித் தொங்குகிறது என்று நினைத்தபோது பிரதியை மடித்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினான்.

பேசாமல் இருந்துவிடலாம். மடித்துக் கட்டிய தாளை யார் பிரித்துப் படிக்கப்போகிறார்கள்? ஆனால் அந்தப் பிராது கேட்டிருந்ததே வேறு ஆயிற்றே. எதிரி தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றல்லவா கேட்டிருந்தது. அன்றிலிருந்து இளவழகனுக்குத் தன் வாயின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பஸ்ஸில் கண்டக்டர் "டிக்கெட் எடுக்காதவங்க யாரு?" என்று கேட்டபோது, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே எழுந்து நின்றான். மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது, கெட்டிமேளத்துக்கு நடுவில், தன் வாய் தானாகத் திறந்துகொள்வது போலப் பகலிலேயே கனவு கண்டான். சிங்காரவேல் சௌந்தர்யாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போவதையும் கண்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாண்டியனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மணவாளநல்லூர் போய்ச் சேர்ந்தான். கோயிலில் பிராது வாங்குகிறவரின் மேஜையருகில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஒரு பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றான்.

"நீங்க குடுத்ததா தம்பி?"

"எங்க மாமா குடுத்ததுங்க."

"அப்ப அவருதான் வரணும். ஆளுக்கு ஆளு வந்து அவுத்துட்டுப் போறதுக்கு இது என்ன மாட்டுச் சந்தையா?"

"எதிர்ப் பிராது ஏதாவது குடுக்கலாங்களா?"

"தாராளமா. உங்க பக்கம் நியாயம் இருந்தா எழுதிக் கட்டுங்க. பொய்யா இருந்தா எழுதினவன் பக்கமே திரும்பும், அத மட்டும் யோசிச்சுக்குங்க." அவர் வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

இளவழகன் குனிந்து, நான் திருடன் என்று எழுதினான். அதற்கப்புறம் அல்ல என்று எழுத வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. பேனா நகரவே இல்லை. பாண்டியன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இதோட வுட்டாலே கரெக்டா இருக்குதுண்ணா" என்றான்.

"மாப்ள!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. சிங்காரவேல். கூடவே அர்ச்சனைக் கூடையோடு சௌந்தர்யா. "நம்ம கேஸுக்காக வேண்டிக்க வந்தீங்களா? பாரும்மா, மருமவன்னா இப்பிடி இருக்கணும்."

"இவரா?" என்றார் பிராது வாங்குகிறவர். "உங்க பிராத வாபஸ் வாங்கணும்னு வந்து நிக்கிறாரு."

சிங்காரவேலின் முகம் சுருங்கியது. மருமகனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். "வாபஸா? யாரு, சாமிதுர அனுப்பினானா உன்ன? அவன் பக்கம் சாஞ்சிட்டியா?" நீங்க என்பது உன்ன ஆகிவிட்டதை எல்லாரும் கவனித்தார்கள்.

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க மாமா."

"அப்பறம் எதுக்கு?"

சௌந்தர்யாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் சாமிதுரையின் கைக்கூலியாக நிற்பதா, திருடனாக நிற்பதா? இளவழகன் யோசித்து முடிப்பதற்குள் அவன் பயந்திருந்தது நடந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

"திருடினது நான் மாமா" என்றான். பிறகு நிறுத்த முடியவில்லை. டவுன்லோடு, பூட்டை உடைக்கிற சாவி, கட்டிப்போட்ட நாய், உண்ணி, ராஜ்மோகனின் காது, உயிரோடு செத்த பழமலை எல்லாவற்றையும் கொட்டினான். கடைசியில் கறை படிந்த பிரதியை நீட்டினான். சிங்காரவேல் இந்தத் தடவை வாங்கி வரி வரியாகப் படித்தார்.

"எதிரி இளவழகன்" என்றார் மெதுவாக. "நான் சாமிதுரன்னு சொன்னேன். சாமி திருத்திப் போட்டிருக்குது."

"சாமி இல்லீங்க, வைரஸுங்க" என்றான் பாண்டியன்.

"நீ சும்மா இருடா. யார வுட்டுத் திருத்தணும்னு அதுக்குத் தெரியும்."

இளவழகன் கடைசியாகத் தன் பழைய வாதத்தையே பிடித்துக்கொண்டான். "மாமா, நான் எடுத்தது அங்கயும் இருக்குதுங்க, இங்கயும் இருக்குது. யாருக்கும் ஒண்ணும் கொறையல."

"இதத்தான்டா சாமிதுரையும் சொன்னான்! உன் தவள உங்கிட்டதானே இருக்குதுன்னான்!" கோயில் என்பதை மறந்து சிங்காரவேல் கத்தினார். "தட்டத் திருப்பி அனுப்பிடறேன். எம் பொண்ணு திருடன் வூட்டுல வௌக்கேத்த மாட்டா."

சொன்னவுடன் அவர் மகளைப் பார்த்தார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவளோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இளவழகனிடம், "எதுக்குங்க திருடினீங்க? அதான் சும்மாவே குடுக்கிறாங்களே" என்றாள்.

"எது?"

"ஆபீஸ் மாதிரியே ஒண்ணு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், எத்தினி பேருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்னு அவங்களே சொல்லித்தான் குடுக்கிறாங்க. அதுலயும் பழைய மிஷினுக்கு ஏத்த மாதிரி இருக்குது. கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினா கூடவே சி.டி. வருது. யூனிட்ல நான் அதுலதான் எல்லாம் அடிக்கிறேன்."

"அந்த வழியத்தாண்ணா அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றான் பாண்டியன். "நீங்க மாடு கத சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க."

பிராது வாங்குகிறவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, வாசல்ல நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பொங்கல் குடுக்கிறோம். நீ மதில் ஏறிக் குதிச்சு மடப்பள்ளியில திருடியிருக்கிற. அதுவும் ஊசிப்போனத!"

திருடன் என்ற பேரைக்கூட இளவழகன் எப்படியோ விழுங்கியிருப்பான். ஓசியில் கிடைப்பதைத் திருடியவன் என்ற பேர் அவன் வம்சத்துக்கே அவமானம். வாழ்நாளெல்லாம் காத்த கொள்கை அப்படியே கவிழ்ந்துவிட்டது. காது மடல் சுட, தரையைப் பார்த்தான். வெட்கத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சௌந்தர்யாவின் கண்ணில் பட்டுவிட்டது.

பிராது வாங்குகிறவர் அந்தப் பிரதியை எடுத்து மறுபடி படித்தார். "சரிங்க, கேஸுக்கு வருவோம். எதிரி தன் வாயால நாலு பேரு முன்னாடி ஒத்துக்கணும்னு கேட்டிருக்கீங்க. எதிரி யாரு? இவரு. ஒத்துக்கிட்டாரா? நீங்க, உங்க பொண்ணு, மொபெட்டுத் தம்பி, நானு, நாலு பேரு கேட்டோம். பிராது பலிச்சிடுச்சு. வாபஸ் வாங்கிக்குங்க. பலிச்சதை வாங்காம வச்சிருக்கக் கூடாது."

"ஆனா சாமிதுர..."

"அது வேற கேஸு. வேற தாளு."

சிங்காரவேல் பல்லைக் கடித்துக்கொண்டு வாபஸ் வாங்கினார். போகும்போது இளவழகனிடம் மட்டும், "அந்த இழவ அழிச்சிட்டு, சுத்தமானது எதாவது போட்டு வையி. நாளைக்கு வரேன். எம் பிராது ஒங்கையால கெட்டுது, ஒங்கையாலதான் அடிச்சுக் குடுக்கணும். அதுக்கப்பறம் உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல" என்றார்.

மறுநாள் அவர் வருவதற்குள் பாண்டியன் மிஷினைக் கழுவித் துடைத்து, சௌந்தர்யா கொடுத்தனுப்பிய சி.டி.யைப் போட்டிருந்தான். இளவழகன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். சிங்காரவேல் வந்தார். பின்னால் துணிப்பையோடு சௌந்தர்யாவும் வந்தாள். அவளைக் கூப்பிடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எழுது. மனுதாரர் சிங்காரவேல். எதிரி சாமிதுர. இந்தத் தடவ தவளன்னே போடு. மனுதாரர் தன் சொந்த மூளையில் யோசித்து, சொந்தக் கையால் உருவாக்கிய தவளையை..."

சௌந்தர்யா பையிலிருந்து எதையோ எடுத்து மானிட்டர் பக்கத்தில் வைத்தாள்.

பச்சைத் தவளை. வாயைப் பிளந்துகொண்டு குந்தியிருந்தது. இளவழகன் அடிப்பதை நிறுத்தினான். சாமிதுரையின் தவளை சின்னது என்று அவனுக்குத் தெரியும். சிங்காரவேலின் தவளையை எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான். இது அதைவிட ஒரு சுற்று பெரிசாக இருந்தது. அவள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் சீன எழுத்து பதிந்திருந்தது.

"கோடவுன்ல வைக்கோலுக்குள்ள இருந்துச்சுப்பா" என்றாள்.

சிங்காரவேல் தொண்டையைக் கனைத்தார். வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, சின்னக் குரலில், "சீனாக்காரன் தவள சீனாவுலதானே இருக்குது. நான் என்னா தூக்கிக்கினா வந்துட்டேன்?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது. புகை மட்டும்தான் வரவில்லை.

இளவழகனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் தொலைந்தோம் என்று உதட்டைக் கடித்து ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சௌந்தர்யா சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலப்பா. திருடன் வூட்டுல வௌக்கேத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. நேத்து சாயங்காலம் நம்ம வூட்டுல வௌக்கேத்தப் போனேன். கை வரல. நான் எந்த வூட்டுக்குத்தான் போறது?" என்றாள்.

சிங்காரவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரிய தவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தவள வரிய எடுத்துடு" என்றார்.

இளவழகன் எடுத்தான்.

"எதிரியையும் எடுத்துடு."

எடுத்தான்.

"மனுதாரர்ங்கிறதும் வாணாம். கேக்க என்னா யோக்கியத இருக்குது எனக்கு."

அதையும் எடுத்தான். வெள்ளைத் திரையில் சிங்காரவேல் என்று மேலேயும், வழக்கப்படி முதலிலேயே அடித்து வைத்திருந்த ஒளியச்சு வரியில் இளவழகன் என்று கீழேயும் இரண்டு பேர் மட்டும் மிச்சம் இருந்தன. சிங்காரவேல் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள" என்றார். "நடுவுல எம் பொண்ணு பேரப் போடுங்க. வைகாசி முகூர்த்தத்த எழுதுங்க. பத்திரிகைக்குன்னு இன்னொரு தடவ எதுக்கு வந்துனு போயினு."

இளவழகனுக்கு, சௌந்தர்யா என்று அடிக்க இரண்டு தடவை அழிக்க வேண்டியிருந்தது. அவள் குனிந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். அவன் சேவ் செய்தான், மூடினான். மறுபடி திறக்கும் முன் ஒரு கணம் தயங்கினான். திறந்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஸ்கிரீனுக்குக் குனிந்தார்கள்.

பேர்கள் போட்ட இடத்திலேயே இருந்தன.